வெளியூர் போயிருக்கார்

"அந்த ஜன்னல் திரையையும் கழற்றித் துவைச்சுடும்மா" என்றாள் மாமியார்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தாநாள்தான் துவைத்த திரை.

ஒன்பது நாளாக இதே பாடு. பரணைக் காலி பண்ணு, பீரோவை அடுக்கு, காலைப் பிடிச்சு விடு. உட்கார்ந்தால் போதும், கூப்பிட்டுவிடுவாள்.

கணவர் பம்பு செட் கம்பெனி முதலாளி. மலை ஏறினார், பலூனில் கடல் தாண்டினார். அதுவும் போதாமல் தனியார் ராக்கெட்டில் சீட் வாங்கி விண்வெளிக்கே போய்விட்டார்.

"அம்மாகிட்ட மூச்சு விடாதே. அவங்க இதயம் தாங்காது. வியாபார விஷயமா வெளியூர்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அதற்காகவே பேப்பரை நிறுத்தினாள். டிவி ரிப்பேர் என்றாள். அழுகை வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இன்று அவர் திரும்பும் நாள். விண்கலம் கீழே இறங்கும்போது ஏழு நிமிஷம் தொடர்பு இருக்காது என்று ராக்கெட் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். செல்போனைப் பார்த்தாள். பத்து நிமிஷம் ஆகிவிட்டது. ஒரு தகவலும் இல்லை.

"திரை என்னாச்சும்மா?"

வாளியைத் தொப்பென்று வைத்தாள்.

"இப்ப திரை ஒண்ணுதான் குறைச்சலா அத்தை? உங்க பிள்ளை உசிரோட இருக்காரான்னே தெரியல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. மாத்திரை டப்பாவை எடுக்க ஓடினாள்.

"மாத்திரை வேண்டாம். பதறாதே. பாராசூட் விரிஞ்ச பிறகுதான் பேசுவாங்களாம். கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்னு சொன்னான்."

மாமியார் தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மணி வாரியாக எல்லாம் எழுதியிருந்தது. கணவரின் கையெழுத்து.

மருமகள் தாளை வாங்கிப் படித்தாள்.

போன் அதிர்ந்தது.

"கடல்ல இறங்கிட்டாங்க மேடம். சார் நல்லா இருக்கார்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும் அத்தை?"

"கிளம்பறதுக்கு முந்தின நாளே சொல்லிட்டான். 'அவதான் தாங்க மாட்டாம்மா. ஒரு நிமிஷம் சும்மா உட்கார விடாதே, ஏதாவது வேலை வாங்கிக்கிட்டே இரு'ன்னான்."

மாமியார் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்காவது நான் வேலை சொன்னேன். எனக்கு யாரும்மா சொன்னாங்க?"