செங்கன்னிச் சேலை

கும்பிட்ட கையை இறக்கியபோது பக்கத்தில் அவள் இல்லை.

அதுவரை இருந்தாள். வலது கையை முந்தானையால் சுற்றிக்கொண்டு, இடது கையால் அவன் சட்டையைப் பிடித்தபடி. சப்பரம் தெரிந்ததும் இரண்டு பேரும் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது.

அவ்வளவுதான்.

சங்கரன்கோவில் ஆடித்தபசு. பாதி உடம்பு ஒரு நிறமும் மறு பாதி வேறு நிறமுமாக நிற்கும் சாமியைப் பார்க்க வந்த கூட்டம். எள் போட்டால் எள் விழாது.

"ஏளா!" என்று கூப்பிட்டான்.

நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பெண்டாட்டி திரும்பவில்லை.

அவள் போன் அவன் சட்டைப் பையில் கிடந்தது. காலையிலிருந்து விரதம். சர்க்கரை உடம்பு வேறு. மயங்கி விழுந்தால் மிதித்துக்கொண்டுதான் போவார்கள்.



காணாமல் போனவர்களை அறிவிக்கும் பந்தலைத் தேடிப் போனான். மைக் வைத்திருந்தவர் தலை நிமிரவில்லை.

"பேரு?"

"உலகம்மா."

"ஊரு?"

"கழுகுமலை."

"அடையாளம் சொல்லும்."

அவன் ஆட்டு வியாபாரி. அடையாளம் சொல்வதில் சந்தையிலேயே அவனை அடிக்க ஆள் கிடையாது. வெள்ளை உடம்பில் கருப்பு தெறித்திருந்தால் கரும்போரை. செம்மண் நிறம் தெறித்திருந்தால் செம்போரை. கருத்த ஆட்டின் முகத்தில் வெள்ளைக் கோடு இறங்கினால் பால்கன்னி. அந்தக் கோடே சிவந்திருந்தால் செங்கன்னி. எல்லாம் ஆசை ஆசையாக வைத்த பெயர்கள். புள்ளியும் வரியும் விழுந்த குட்டியை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

மனிதத் தோலில் இரண்டு நிறம் வந்தால் மட்டும் ஊரில் அதற்கு ஒரே பெயர்.

அது வசவு.

அவளுக்கு உதட்டோரத்தில் ஆரம்பித்தது. பிறகு கன்னம், கழுத்து, வலது கை. வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். ஒட்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னதை ஊருக்கு யார் சொல்வது? கொழுந்தன் வீட்டுக் கல்யாணத்தில் அவள் பரிமாற எடுத்த கரண்டியை ஒருத்தி ஓசைப்படாமல் மாற்றிவைத்தாள். அதிலிருந்து அவள் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. வருஷத்தில் இந்த ஒரு நாள், கோயில் புற்றுமண் வாங்கிப் பூச மட்டும் வெளியே வருவாள். அதுவும் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு.

"மரு, தழும்பு, தேமல்னு ஏதாவது உண்டா?"

சொன்னால் போதும். இத்தனை ஆயிரம் முகத்தில் அப்படி ஒரு முகத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் நாலு ரத வீதியிலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருந்தார்கள். ஊரே கேட்கும். அவளும் கேட்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் மெல்ல விலகி நிற்பார்கள்.

"ஒண்ணும் கெடயாது" என்றான்.

"பொறவு எப்படிய்யா தேட? சேலையாவது என்ன நெறம்?"

அவன் திணறிப்போனான். கருப்பு. வெறும் கருப்பு இல்லை. இரண்டு ஓரத்திலும் சிவப்பாக ஒரு வரி ஓடும். அரக்கா, மாந்துளிரா, கடைக்காரப் பெண் என்னமோ சொன்னாள். அவன் எடுத்துக் கொடுத்த சேலைதான். ஆனாலும் வாயில் வந்தது ஒன்றுதான்.

"செங்கன்னி."

பந்தலில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"ஓய், ஆட்டைத் தொலைச்சீரா, வீட்டம்மாளைத் தொலைச்சீரா?"

கிண்டல் செய்தாலும் மைக்காரர் நல்ல மனுஷர். அப்படியே அறிவித்தார். கழுகுமலை உலகம்மாள் எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும். செங்கன்னி ஆட்டின் நிறத்தில் சேலை கட்டியிருப்பார்.

வீதியெல்லாம் சிரிப்புச் சத்தம்.

யாரும் வரவில்லை.

மறுபடியும் அறிவித்தார்கள். ஒவ்வொரு கருப்புச் சேலைக்கும் அவன் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். விளக்குகள் எரியத் தொடங்கின. சாப்பிடாத வயிறு. எங்கே விழுந்து கிடக்கிறாளோ.

அவள் மனசு நோகக் கூடாது என்று பார்த்து அவளையே தொலைத்துவிடுவேன் போலிருக்கிறதே.

எழுந்தான். மைக்காரர் முன்னால் போய் நின்றான். ஊர் சொல்லும் அந்த வசவுப் பெயர் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. வாயைத் திறந்தான்.

பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

அவள்தான். வேர்த்து விறுவிறுத்துப்போய், புற்றுமண் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. யாரோ பானகம் கொடுத்தார்களாம். குடித்ததும் தெம்பு வந்ததாம். கூட்டத்தைக் கடந்து வரத்தான் இவ்வளவு நேரம்.

அவன் திட்ட நினைத்தான். அழுகைதான் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் அவள் நின்றாள்.

"பேரைச் சொன்னதுமே எனக்குத் திக்குனு ஆயிட்டு. அடுத்து என்ன சொல்லப்போறாகளோன்னு முந்தியை முகத்துல இழுத்துவிட்டுக்கிட்டேன். கடைசில பார்த்தா ஆட்டைச் சொல்லுதாக. எல்லாரும் சிரிச்சாக. நானும் சேர்ந்து சிரிச்சேன்."

அவள் தன் உதட்டோரத்தைத் தொட்டுக்காட்டினாள்.

"இதைச் சொல்லியிருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்பாகல்லா?"

"எதை?"

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கூட்டம் இன்னும் கலையவில்லை. மறுபடியும் கையில் சுற்றியிருந்த முந்தானையை அவிழ்த்தாள். அந்தக் கையாலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் ஏறும்வரை அதை மூடவில்லை.