இளைத்துப் போன பூசணி

"இப்படி இளைச்சுப் போயிட்டியேடா! வேளாவேளைக்குச் சாப்பிட மாட்டியா?"

பெரியவர் கேட்ட கேள்விக்கு நர்ஸம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். கட்டிலோரம் படுத்திருந்த நாயின் பெயரே பூசணி. எழுந்து நிற்பதற்குள் நாலு தடவை மூச்சு வாங்கும் உடம்பு.

"ஐயா, இதுவா இளைச்சிருக்கு? அதுவும் பொட்டை நாயைப் போய் 'டா' போடறீங்களே!"

"எனக்கு எல்லாம் தெரியும். நீ உன் வேலையைப் பாரு." பெரியவர் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு தொடர்ந்தார். "ராத்திரியெல்லாம் கண் முழிக்காதே. உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"கண் முழிக்கலேன்னா அதை நாய்னு யாரு சொல்லுவா?" நர்ஸம்மா விடவில்லை.

கயிற்றைப் பிடித்தபடி நின்ற நாய்க்காரன் சிரிக்கக்கூட இல்லை. அவன் எப்போதுமே ஊமைக்கோட்டான். "சரின்னு சொல்லு, பூசணி" என்று முணுமுணுத்தான். அவ்வளவுதான்.

அந்த முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கு ஆறுதலாக வாரம் ஒருநாள் பூசணி வரும். அதற்கு முன்பெல்லாம் பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் படுத்ததுதான். சாப்பாடு வேண்டாம், மாத்திரை வேண்டாம், "என்னைப் போய்ச் சேர விடுங்க" என்று ஒரே பல்லவி. இப்போதோ நாய் வரும் நாளில் தானாகவே எழுந்து, சவரம் செய்து, சட்டை மாற்றி, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற நாள்களில் பழையபடி சுவர்தான். 'மனுஷங்களால முடியாததை ஒரு வாயில்லா ஜீவன் செஞ்சிருச்சே!' என்று நர்ஸம்மா மாய்ந்து மாய்ந்து போவாள்.

அப்போது மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தார்.

"ஐயா, நல்ல சேதி! இந்த நாய்தான் உங்களுக்கு மருந்துன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நாயை அனுப்பற சங்கத்துல பேசி, பூசணியை இங்கேயே வெச்சுக்க ஏற்பாடு பண்ணிட்டேன். இனிமே தினமும் உங்க பக்கத்துலயே கிடக்கும்." பிறகு நாய்க்காரனிடம் திரும்பினார். "தம்பி, உங்களுக்கும் அலைச்சல் மிச்சம். அடுத்த வாரத்துலேருந்து நீங்க வர வேண்டாம்."

பெரியவரின் முகம் வெளிறிப் போனது. "அதெல்லாம் வேண்டாம். பழையபடியே இருக்கட்டும்."

"கரும்பு தின்னக் கூலியா ஐயா கேக்கறீங்க? தம்பி, கயித்தைக் குடுங்க."

நாய்க்காரன் கயிற்றை நீட்டினான். பூசணியின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தான். பெரியவர் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இனி எல்லா நாளும் சுவர்தானா?

"நில்லு!"

அந்தக் குரலில் பூசணியே பதறி எழுந்துவிட்டது.

"என்னய்யா ஆச்சு? பூசணியை உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமே!" என்றாள் நர்ஸம்மா.

"பிடிக்குமா? சின்ன வயசுலேருந்து நாயைக் கண்டாலே எனக்குக் குலை நடுங்கும்மா." பெரியவர் வாசல் பக்கம் பார்த்தார். "'செத்தாலும் உன்கூடப் பேச மாட்டேன்'னு ஒருத்தன்கிட்ட வீறாப்பா சொல்லித் தொலைச்சேன். அதான் இத்தனை நாளும் இதுகிட்டப் பேசினேன்."

வாசலில் முதுகைக் காட்டி நின்றவனை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நாய் வெளியே போகட்டும். நீ உள்ளே வாடா, மகனே!"