கடைசியில் ஓடும் இன்ஜின்

அன்று மதியம் அந்த வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். எஸ்டேட் ஸ்கூல் வேன் ஓட்டும் ஞானசீலன், அவன் மனைவி ஜூடித், ஃபேக்டரி லாரி ஓட்டும் அவள் தம்பி லியோ, ஆபீஸ் கிளார்க் கீர்த்தனா, வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உமாராணி. நான்கு பேரை ஜூடித் கணக்கில் வைத்திருந்தாள். ஐந்தாவதாக உமாராணியை அவள் கூப்பிடவில்லை. ஞானசீலன் கூட்டி வந்திருந்தான்.

மறுநாள் குன்னூரில் குழு ஓட்டம். ஐந்து பேர் ஒரே கயிற்றில் இணைந்து ஓட வேண்டும். வேஷம் வீட்டில் செய்ததாக இருக்க வேண்டும். இவர்கள் வேஷம் மலை ரயில். அடி வெட்டிய அட்டைப்பெட்டிகளுக்கு நீலப் பெயின்ட் அடித்து, தோளில் மாட்ட ஜூடித் நாடா தைத்துக்கொண்டிருந்தாள்.

கீர்த்தனா இன்ஜினைத் தூக்கி வரிசையில் முதலாவதாக வைத்தாள்.

"திருப்பூர்க்காரிங்கறது தெரியுது பாரு," லியோ சிரித்தான். "எங்கூரு ரயிலுக்கு இன்ஜின் பின்னாடிதான். தள்ளிட்டுத்தான் மேல வரும்."

"அப்ப கடைசியில யாருங்க?"

"டிரைவரை வெச்சுட்டு வேற ஆளு எதுக்கு? மச்சான், நீங்க தள்ளுங்க."

ஞானசீலன் தலையாட்டினான். "உமா எனக்கு முன்னாடி நிக்கட்டும்."

ஜூடித்தின் ஊசி நின்றது. "ஏனுங்க, நான் நின்னா ஆகாதுங்களா?"

"வேன்ல பழகின ஆளு. அதான்." எங்கோ பார்த்தபடி சொன்னான்.

மூன்று மாதமாகவே தொழிலாளர் லைன் வீடுகளில் பேச்சு இருந்தது. முன்பெல்லாம் உமாராணி வேனின் பின்பக்கம் பிள்ளைகளோடு உட்காருவாள். இப்போது டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கோத்தகிரி வரைக்கும் வாய் ஓயாமல் அவனிடம் பேசிக்கொண்டே போகிறாளாம். மேனேஜரிடம் சொல்லி அவளை வேனிலிருந்து மாற்றச் சொல்லலாம் என்று ஜூடித் ஒருநாள் ஆபீஸ் வாசல்வரை போனாள். கீர்த்தனாதான் தடுத்தாள்.

"மேனேஜர் காதுக்குப் போச்சுன்னா அண்ணனுக்கு வேலை போயிரும்ங்க அக்கா. வேலை போனா இந்த ஊடும் போயிரும். கம்முனு இருங்க."

ஜூடித் கம்மென்று இருந்தாள். பதினெட்டு வருஷக் குடித்தனம். கண்ணால் பார்க்காத ஒன்றுக்காக அதை உடைக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

பெயின்ட் காய்ந்ததும் தோட்டத்து ரோட்டில் ஒத்திகை. நல்ல வெயில். உமாராணி ஓடிக்கொண்டே பின்னால் திரும்பாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். என்ன பேச்சு என்று ஜூடித்துக்குப் பிடிபடவில்லை. ஞானசீலன் சிரித்தது மட்டும் நன்றாகவே கேட்டது.

ஒரு சுற்று முடிந்ததும் ஜூடித் கயிற்றை அவிழ்த்தாள். "எடம் மாத்து. அங்க நான் நிக்கறேன்."

"வேண்டாங்க அக்கா, நானே..."

"எம் புருஷனுக்கு முன்னாடி நிக்க உன்னைக் கேக்கணுமா?"

உமாராணி விலகினாள். இரண்டாவது சுற்றில் ஜூடித் வாயே திறக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி வளைவில் நான்கு பேர் திரும்பினார்கள். ஞானசீலன் நேராகப் போனான். கயிறு சுண்டி இழுக்க, அட்டையோடு தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தான்.

"என்ன மச்சான், இன்ஜினுக்குப் பசி எடுத்துருச்சா? கொழுந்து மேயப் போயிட்டீங்க?" லியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஜூடித் கயிற்றிலிருந்து விடுபடுவதற்குள் உமாராணி ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ரோடு வந்த பிறகும் அவன் கையை உருவிக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே விழுந்திருக்கிறான் என்று ஜூடித் நினைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மூன்றரை. நாலு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் விடும். பிள்ளைகளைக் கூட்டிவர வேன் போக வேண்டும். ஞானசீலன் சட்டை மாற்ற உள்ளே போனான். இன்றைக்குக் கேட்டே விடுவது என்று ஜூடித் பின்னாலேயே போனாள்.

அறை வாசலில் நின்றாள். ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கேட்க வாயெடுத்தாள். கண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் வழிந்தது.

ஞானசீலன் பொத்தானைப் போட்டுக்கொண்டே திரும்பினான். இருவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்கூட இல்லை. அழுகிற அவள் முகத்தை நேராகப் பார்த்தான். சிரித்தான்.

"கெளம்பலாமா, உமா?"

ஜூடித் அவன் கண்களை உற்றுப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வாசல் கதவுப் பூட்டைக் கொண்டுவந்து அதில் மாட்டிப் பூட்டினாள்.

"ஜூடித்?" உள்ளிருந்து கதவு தட்டும் சத்தம். "ஏய், எதுக்குப் பூட்டறே?"

லியோ ஓடி வந்தான். "அக்கா, என்ன பைத்தியமா உனக்கு? சண்டைய ராத்திரிக்குப் போட்டுக்கலாம். ஸ்கூல் வாசல்ல பதினாறு பசங்க நிக்கும். மச்சானை விடு."

உமாராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜூடித் சாவியைத் தம்பியின் கையில் வைத்தாள்.

"வேனை நீ எடு, லியோ. அவருக்குக் கண்ணு தெரியல."