பிரிட்ஜில் மாட்டிய செயின்

மருமகளின் தங்கச் செயின் காணாமல் போனது செவ்வாய்க்கிழமையா, புதன்கிழமையா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. அன்று மழை பெய்ததாக நினைவு. மழையே இல்லை, செவ்வாய்க்கிழமைதான் என்கிறாள் மருமகள் பவானேஸ்வரி. அவள் சொல்வதையே வைத்துக்கொள்வோம். நான் அடுப்பை அணைக்காமல் விட்ட நாளிலிருந்து, என்னை எங்காவது சேர்த்துவிடலாமா என்று மகனும் அவளும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் எல்லோர் காதிலும் விழுகிற தணிந்த குரல்.

மூன்றாம் நாள் காலை. செங் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில் காளியம்மாவை நிறுத்தி வைத்திருந்தாள் பவானேஸ்வரி. காளியம்மா ஆறு வருடமாக வந்து வீடு கூட்டி, துணி துவைப்பவள். நான் கூடத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"நான் உங்கள சொல்லலக்கா. வெளி ஆளுன்னு வேற யாரு இங்க வர்றா, அதத்தான் கேக்குறேன்."

"அதுக்குப் பேருதாம்மா சொல்றது" என்றாள் காளியம்மா.

"சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலன்னா போலீஸ் ரிப்போர்ட்தான். அப்புறம் இந்தத் தாமான்ல ஒரு வீட்டுலயும் உங்கள உள்ள விட மாட்டாங்க."

இந்தக் குடியிருப்பில், இதே வரிசையில் காளியம்மாவுக்கு இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. அவள் பிழைப்பே அந்த நான்கு வீடுகள்தான்.

பக்கத்து அறையில் மகன் கவிநேசன் போனில் பேசிக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். இரண்டு நாளாகத் தூங்காத குரல். கதவு பாதி திறந்திருந்தது.

"செயின் மாறும்போது பிரிட்ஜ்ல மாட்டிக்கிச்சு லா. யாரும் எடுக்கல. உள்ளதான் இருக்கு."

காளியம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிரிட்ஜைத் திறந்தாள். முட்டைத் தட்டுக்குப் பின்னால் கையை விட்டு, நாறும் இறால் விழுதான பிளாச்சான் இருந்த டின்னை எடுத்து மூடியைத் திருகினாள். செயின் அதற்குள் இருந்தது.

பவானேஸ்வரி அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "இங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தம்பிதான போன்ல சொன்னாரு, செயின் பிரிட்ஜ்ல மாட்டிக்கிச்சுன்னு."

கவிநேசன் வெளியே வந்து கண்களைக் கசக்கிக்கொண்டான். "அக்கா, அது பிளாக்செயின். ஒரு செயின்ல இருக்கிற கம்ப்யூட்டர் காச இன்னொரு செயினுக்கு அனுப்புறோம்ல, நடுவுல இருக்கிற பாலத்துக்குப் பேருதான் பிரிட்ஜ். நான் ஐஸ்பெட்டியச் சொல்லல."

அவன் வேலையைப் பற்றி எனக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறான். ஒப்பந்தத்தை நிரலாகவே எழுதிவிடுவார்களாம். நிபந்தனை நிறைவேறினால் அதுவே தன்னை நடத்திக்கொள்ளும். யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லப்பா என்றான். அதில் அவனுக்குப் பெருமை.

"சரி, பிரிட்ஜுன்னே இருக்கட்டும்" என்றாள் பவானேஸ்வரி. "பிளாச்சான் டின்னுன்னு யாரு சொன்னா?"

 மூடாமல் விட்ட பிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. காளியம்மா ஒரே ஒரு தடவை கூடத்துப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆறு வருடம் இந்த வீட்டுக்குள் வந்து போனவள் இப்படிச் செய்துவிட்டாளே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"நாளையிலேருந்து வர வேணாம்க்கா."

காளியம்மா கையைக் கழுவினாள். துடைத்த துணியை மடித்துக் கொடியில் போட்டுவிட்டுப் போனாள்.

ஒரு வாரத்துக்குள் மற்ற மூன்று வீடுகளிலும் அவளை நிறுத்திவிட்டார்கள். இப்போது கடலோரத்தில், உம்பாயில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிறாள். கவிநேசனின் பாலத்தில் மாட்டியிருந்த காசு எட்டாம் நாள் பத்திரமாக வெளியே வந்தது. அவனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்து, பவானேஸ்வரியோடு போய்விட்டான். போவதற்கு முன் என்னை ஜாசினில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான்.

அங்கே என்னைப் பார்க்க வந்தவள் காளியம்மா ஒருத்திதான். பஸ் பிடித்து, பொரித்த மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஞாயிறு என்றுதான் நினைக்கிறேன். பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"ஏம்மா அன்னிக்கு அத எடுத்த?" என்று கடைசியில் கேட்டுவிட்டேன்.

அவள் மீனில் முள் எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"நீங்க அத டின்னுல போடும்போது நான் பின்னாலதாண்ணே நின்னேன்."