சுத்தமான ரத்தம்

உள்ளே போன மாத்திரையை ஈரல் சும்மா விடாது. உடைத்து ஒரு துண்டையாவது ரத்தத்தில் விட்டுவைக்கும். அந்தத் துண்டை எடை போட்டுக் கண்டுபிடிக்கும் மெஷினோடுதான் அவளுக்குப் பகல் முழுக்க மல்லுக்கட்டு. "இதய மாத்திரைய தினமும் போடுறேன்" என்று சத்தியம் செய்த புருஷனின் ரத்தத்தையும் ஒருநாள் ஆய்வகத்துக்கே கொண்டுபோய்ப் பார்த்தாள். இதய மருந்தும் இல்லை, துண்டும் இல்லை.

"என்னைவிட உனக்கு உன் மெஷின்தான் பெருசு, இல்ல?" என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த மாதமே இதயம் நின்றுபோனது.

மீதி ரத்தத்தை அவள் கொட்டவில்லை; குழாயோடு ஃப்ரீசரில் வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கலக்காத ரத்தம் எப்போதும் வேண்டியிருக்கும். அவனால் ஆன ஒரே உபகாரம் அதுதான்.

ஒரு திங்கட்கிழமை அந்த ரத்தத்தில் மருந்து தெரிந்தது. பக்கத்திலேயே துண்டும்.

"பழசு ஏதாவது ஒட்டிட்டிருக்கும்க்கா, மெஷினக் கழுவி விடுங்க," என்றான் கூட வேலை பார்ப்பவன்.

கழுவினாள். வெறும் தண்ணீரை ஓட்டினால் ஒன்றும் இல்லை. அவன் ரத்தத்தை ஓட்டினால் இருந்தது. செவ்வாயன்று மருந்து குறைந்து துண்டு கூடியிருந்தது. அப்படி உடைக்க ஓர் ஈரல் வேண்டும். புதனன்று மருந்து புதிதாக ஏறியிருந்தது.



"கெஞ்சினப்போ போடல. இப்பப் போட்டு யாருக்கு என்ன புண்ணியம்?" என்று குழாயைப் பார்த்துக் கத்திவிட்டு, ஃப்ரீசரை அறைந்து சாத்தினாள்.

மறுநாள் மருந்தும் இல்லை, துண்டும் இல்லை.

திட்டினால் மாத்திரையைத் தொடமாட்டான். எப்போதும் அதே வீம்புதான்.