பத்தாவது வருடம்

ஓய்வுபெற்ற பேஸ்போல் வீரன் ஒருவனுக்கு அமெரிக்காவின் புகழ்க்கூடத்தில் கடைசி முறையாகவும் இடம் மறுக்கப்பட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். பத்து வருடம் பட்டியலில் இருந்தும் வாக்குப் போதவில்லை. இனிப் பெயரை எடுத்துவிடுவார்கள்.

"அநியாயம்!" என்று கொட்பிறி கதிரையில் குத்தினான்.

"ஊக்கமருந்து அடிச்சவன் மச்சான்," என்றான் சுஜீதன்.

"நிரூபிச்சவங்களோ? சந்தேகம் மட்டும்தானே!"

"சந்தேகம் காணும். வேண்டாமெண்டு சொன்னா விளங்கவேணும். மானமுள்ளவன் முதலே விலகியிருப்பான்."

"இவ்வளவு காலம் காத்திருந்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமோ? பேஸ்போல் மட்டையைக் கண்ணால கண்டிராத நீ நீதிபதியோ?"

"நீ மட்டும் கண்டனியோ?"

கதவைத் திறந்த அதிகாரி சுஜீதனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் கதிரைக்குப் பின்னாலிருந்த பையை எடுத்தான்.

கொட்பிறி துள்ளி எழுந்தான். "விசா குடுத்திட்டாங்களோடா?"

"இல்லை. ஊருக்கே திரும்பிப் போறனெண்டு சைன் வைச்சிட்டன்."

சிட்னித் தடுப்பு முகாமுக்குள் அவர்கள் இருவருக்கும் அது பத்தாவது வருடம். கொட்பிறி திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டான்.

வாசலில் சுஜீதன் திரும்பிப் பார்த்தான்.

"அவனுக்கு இடம் குடுத்திருக்கலாம்தான், மச்சான்."