மூன்று இடத்தில் வெல்டிங்

இன்ஸ்பெக்டர் கோணிப்பையைக் கவிழ்த்தார். லோயர் ஆர்ம் ஒன்று என் பட்டறை மேஜைமேல் ணங்கென்று விழுந்தது.

காரின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக் கை அது. அதன் நுனி ஓட்டைக்குள் இறுகியிருக்க வேண்டிய பால் ஜாயிண்ட், அந்தக் குமிழ் மூட்டு, கழன்று தனியே உருண்டது.

"இது பட்டறையில செஞ்ச வேலையா, வீட்டுல செஞ்ச வேலையா? அது தெரிஞ்சாப் போதும், பெரியவரே" என்றார்.

நாலு நாளைக்கு முன் ஒரு டாக்சியின் சக்கரம் மடங்கி, பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஒரு நர்ஸ்மேல் வண்டி ஏறிவிட்டது. அந்த அம்மா அங்கேயே உயிரை விட்டார். டிரைவர் லாக்கப்பில் இருக்கிறான். ஜாயிண்ட்டை நானேதான் மாட்டினேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறானாம்.

இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாமென்று வந்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் ஜாயிண்ட்டை அழுத்தி இறக்குகிற பிரஸ் மெஷின் வைத்திருப்பது நான் ஒருத்தன்தான்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். போடாமலே தெரிந்தது.

ஓட்டையின் விளிம்பில் மூன்று இடத்தில் வெல்டிங். மூன்றும் அரத்தால் ராவி மழமழவென்று மட்டம் செய்தது. ஒளிந்துகிடக்கிற வெல்டிங்குக்கு இவ்வளவு மெனக்கெடுகிற கிறுக்கனும் நான் ஒருத்தன்தான்.

ஜாயிண்ட் தேய்ந்தால் ஆர்மையே மாற்று என்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பல்வலி என்று வந்தவனுக்குத் தாடையையா கழற்றுவார்கள்? பழைய ஜாயிண்ட்டைப் பிரஸ்ஸில் தள்ளிவிட்டுப் புதுசை இறக்கினால் ஆர்ம் இன்னும் பல வருஷம் உழைக்கும். இருபத்தெட்டு வருஷமாக வாய் ஓயாமல் சொல்லி வருகிறேன். அதில் பொய்யும் இல்லை.

ஆனால் ஓட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். புது ஜாயிண்ட் இறங்கும்போது பிரஸ் முனக வேண்டும்.

இந்த ஆர்மில் இறக்கின அன்றைக்கு முனகவில்லை. டப்பாவுக்கு மூடி போட்டமாதிரி அது பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டது. ஏற்கெனவே இரண்டு ஜாயிண்ட் பார்த்த ஆர்ம். ஓட்டை பெருத்துப் போயிருந்தது. தூக்கிக் கடாசியிருக்க வேண்டும்.

புது ஆர்மே வாங்கிடலாமா என்று டிரைவர் அப்போதே கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. என் பட்டறையிலேயே நின்று என்னிடமே கேட்கிறானே என்று இருந்தது. உனக்கென்ன தெரியும் என்று அவன் வாயை அடைத்துவிட்டு வெல்டிங் வைத்தேன். அந்தச் சூட்டில் ஜாயிண்ட்டுக்குள் இருக்கிற பிளாஸ்டிக் உருகிவிடும், குமிழுக்குப் பிடி இருக்காது. தெரியாமல் செய்திருந்தால் மனசாவது ஆறும். தெரிந்தேதான் செய்தேன்.

அவன் பழியைத் தன் தலையில் ஏன் போட்டுக்கொண்டான் என்றும் எனக்குத் தெரியும். என் எதிரில் உட்காரக்கூடத் தயங்குகிறவன் அவன்.

வீட்டு வேலைதான் சார் என்று சொன்னால் போதும். இன்ஸ்பெக்டர் போய்விடுவார். அவன் ஜெயிலுக்குப் போவான். நான் நாளைக்கும் இதே மேஜையில் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பேன்.

பயமாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஜாயிண்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"என் கைவேலைதான் சார். அவன் வேணாம்னு சொன்னான். நான்தான் கேக்கல."

இன்ஸ்பெக்டர் என்னை ஒரு கணம் பார்த்தார். நோட்டை விரித்தார். பெயர் கேட்டார், சொன்னேன், எழுத ஆரம்பித்தார். நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

நாலு நாளாக ஸ்டேஷன் பெஞ்சிலேயே கிடக்கிற டிரைவரின் மனைவி. கையில் அவனுடைய அழுக்குத் துணிப் பை. இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் தயங்கி நின்றாள்.

அப்புறம் என்னைப் பார்த்து, அப்பா என்றாள்.

எழுதின கை நின்றது. இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

மருமகன் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். குரலில் கோபமே இல்லை. நான் வெல்டிங்கைக் காட்டினேன். மூலையில் கிடந்த என் பழைய வேலை ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக் காட்டினேன். உங்கள் பட்டறை, உங்கள் மெஷின், உங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன் உங்கள் மாதிரிதானே வைப்பான் என்றார். தனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், தானாக இருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பேன் என்றார். எழுதின தாளைக் கிழித்துக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆர்மைக் கோணிக்குள் தள்ளினார். போகும்போது என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

ஜீப் போகிறவரைக்கும் அவள் அசையவில்லை. அப்புறம் கிட்டே வந்து, கிரீஸ் அப்பிய என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அவருக்காகப் பொய்கூடச் சொன்னீங்களேப்பா" என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.